லண்டன் ஆராய்ச்சியும் கிளிநொச்சிக் கிளினிக்கும்

கேள்வி: டொக்டர், நாங்கள் விசுவமடுப் பக்கம். என் தம்பிக்கு 19 வயது. 2009இல் அவனுக்கு மூன்று வயது, பங்கருக்கும் வெளிக்கும் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை. இந்த வருடம் தை மாதத்திலிருந்து ரியூசனுக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணா தன்னைப் பற்றிப் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்புகிறார் என்கிறான். போன் கமராவுக்கு பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறான். தனிய இருந்து சிரிக்கிறான், யாருக்கோ பதில் சொல்கிறான். அம்மா சமைப்பதைத் தொடுவதில்லை, கடைப் பாணும் சோடாவும்தான். சாத்திரியார் செய்வினை என்றார், கழிப்புக் கழித்தோம். பிறகு தனியார் டொக்டர் ஒருவர் குளிசை தந்தார். மூன்று கிழமை போட்டான், தெளிவு வந்தது. நித்திரை கூட என்று விட்டுவிட்டான். இப்போது பழையபடி. லண்டன் மச்சாள், குளிசையைக் குறைத்தவர்கள்தான் பிற்காலத்தில் நல்லாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி சொல்கிறது, புது மருந்தும் வந்திருக்கிறது, அதுவரை பொறுங்கள் என்று சொல்லி மீன் எண்ணெய்க் குளிசை அனுப்பியிருக்கிறா. கொழும்பில் ஸ்கான் எடுத்தால் தெரியுமா? எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அது முடியும்வரை வெளியில் தெரியவேண்டாம் என்கிறா அம்மா. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கலியாணம் முடியும்வரை பொறுக்க வேண்டாம். மச்சாள் சொல்லும் மருந்து வரும்வரையும் பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே தம்பியைக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முல்லைத்தீவு உங்களுக்கு லேசு என்றால் அங்கே போங்கள். ஏன் இந்த அவசரம் என்பதை ஆராய்ச்சிகளை வைத்தே சொல்கிறேன். உங்கள் வீட்டில் எல்லாரையும் கட்டிப்போட்டிருப்பது ‘ஆராய்ச்சி சொல்கிறது’ என்ற அந்த ஒரு வசனம்தானே.

முதலில் நோய். நீங்கள் எழுதியிருப்பது சைக்கோசிஸ் என்று நாங்கள் சொல்லும் நிலை போலத்தான் தெரிகிறது. இல்லாத குரல் கேட்பது, நடக்காத ஒன்றை நடப்பதாக உறுதியாக நம்புவது, அதைச் சுற்றியே வாழ்க்கை சுருங்கிப் போவது. இதை மனச்சிதைவு என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். முதல்தடவை இப்படி வருகிற எல்லாருக்கும் அது மனச்சிதைவாக முடிவதில்லை. கஞ்சாவிலும் ‘ஐஸ்’ போதையிலும் இதே கோலம் வரும். வலிப்பு, தைரொயிட் கோளாறு, மூளையழற்சி போன்றவற்றாலும் வரும். தம்பி என்ன பாவிக்கிறான் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். ஏசாமல் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது, வீரியம் கூடிய வகையைத் தினமும் புகைப்பவர்களுக்கு ஐந்து மடங்கை நெருங்கியது. கடலால் வருகிற சரக்கு இப்போது பாடசாலை மதில் வரைக்கும் வந்துவிட்டபடியால்தான் இதைச் சொல்கிறேன். காய்ச்சல், வலிப்பு, திடீரென்று ஆள் இடம் நேரம் தெரியாமல் போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பங்கரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் எந்தக் குடும்பம் இதை எழுதாமல் விட்டது? சிறுவயதில் கொடுமைகளைக் கடந்தவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கெடுத்துச் சொன்னார்கள். ஆகவே போருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததை நினைத்து நடுங்குவது வேறு, நடக்காதது நடக்கிறது என்று நம்புவது வேறு. காணாமல் போன மகன் சாமத்தில் ‘அம்மா’ என்று கூப்பிடுவது கேட்கிறது என்று சொல்லும் தாய்மார் என் கிளினிக்கில் நிறைய. அதை நோய் என்று எழுதுவதில்லை, துக்கம் என்றுதான் எழுதுவோம். பக்கத்து வீட்டு அண்ணா போனில் பதிகிறார் என்று கமராவுக்கு பிளாஸ்டர் ஒட்டுவது அந்த வகையில்லை. போர்தான் காரணம் என்று வைத்துக்கொண்டாலும் இன்றைக்குச் செய்யவேண்டிய வைத்தியம் மாறப்போவதில்லை.

இப்போது ஆராய்ச்சிக்கு வருகிறேன். இந்த நோயைப் பற்றிக் கடந்த முப்பது வருடங்களில் நடந்த ஆய்வுகளில், நம்மைப் போன்ற இடத்தில் இருப்பவர்களுக்கு உடனே பயன்படுவது எது என்று கேட்டால் நான் மருந்தையோ ஸ்கானையோ சொல்ல மாட்டேன். குரல் கேட்கத் தொடங்கிய நாளுக்கும் சரியான வைத்தியம் தொடங்கிய நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் போகிறது என்ற கணக்கைத்தான் சொல்வேன். நோர்வேயில் ஸ்தவங்கர் என்ற ஊரைச் சுற்றி 1997இல் ஒரு வேலை செய்தார்கள். பத்திரிகை, வானொலி, பாடசாலை, குடும்ப டொக்டர்மார் என்று எல்லா இடத்திலும் இந்த நோயின் ஆரம்ப அறிகுறிகளைச் சொன்னார்கள். சந்தேகம் வந்தவுடன் யாரும் கூப்பிடக்கூடிய ஒரு குழுவையும் வைத்தார்கள். அதற்கு முன் அங்கே நோயாளர் ஒருவர் வைத்தியத்துக்கு வர நடுத்தரமாக 26 கிழமை ஆனது. பிரசாரம் நடந்த காலத்தில் அது ஐந்து கிழமையாக இறங்கியது. பிரசாரத்தை நிறுத்தினார்கள், திரும்பவும் 15 கிழமைக்கு ஏறியது. மருந்து மாறவில்லை, டொக்டர் மாறவில்லை. சனத்துக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பதுதான் மாறியது. பத்து வருடம் கழித்து ஆட்களைத் தேடிப் பார்த்தபோது, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருந்த பகுதியில் நூற்றுக்கு 31 பேர் முழுமையாகத் தேறி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாத பகுதிகளில் 15 பேர்.

‘ஐயோ, எட்டு மாதம் போய்விட்டதே’ என்று அம்மா அழுதால் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்காவில் 34 கிளினிக்குகளில் 404 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வைத்தியம் இல்லாமல் போன காலம் நடுத்தரமாக 74 கிழமை. ஒன்றரை வருடம்! மருந்து, குடும்ப ஆலோசனை, படிப்புக்கும் வேலைக்கும் உதவி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த அந்த வைத்தியத்தில் கூடப் பலன் கண்டவர்கள் 74 கிழமைக்குள் வந்தவர்கள். உங்கள் தம்பி இன்னும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறான்.

ஒவ்வொரு நாளும் மூளை கரைகிறது என்று பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். மெதுவாக, சத்தமில்லாமல் தொடங்கும் நோய்தான் தாமதமாக வைத்தியத்துக்கு வருகிறது. அப்படியான நோய்க்கு எப்போதுமே பலன் குறைவு என்பதால் தாமதத்தின் தலையில் முழுப் பழியையும் போட முடியாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் பார்க்கிற இழப்பு வேறு. எட்டு மாதத்தில் ஒரு பெடியனுக்கு ஏஎல் போகிறது, கூட்டாளிகள் விலகுகிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டை வருகிறது, தகப்பன் பேசுவதை நிறுத்துகிறார். குரல் பெரும்பாலும் குளிசையோடு நின்றுவிடும், இவற்றைத் திரும்பக் கட்ட வருடங்கள் வேண்டும்.

மச்சாள் சொன்னதும் பொய்யில்லை, பாதிக் கதை. நெதர்லாந்தில் முதல்தடவை நோய் வந்து தேறியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றப் பிரிவுக்கு மெல்ல மெல்லக் குறைத்துப் பார்த்தார்கள். ஏழு வருடம் கழித்து 103 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள்: குறைத்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் தேறியிருந்தார்கள், தொடர்ந்தவர்களில் 18 பேர்தான். மச்சாள் கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். ஹொங்கொங்கில் இதற்கு நேர்மாறு. முதல் நோய்க்கு ஒரு வருடமாவது மருந்து எடுத்து, அறிகுறி இல்லாமல் இருந்த 178 பேரில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் வெறும் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 79 பேருக்கு நோய் திரும்பியது, மருந்து எடுத்தவர்களில் 41 பேருக்கு. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஒரு வருட நிறுத்தத்தின் வித்தியாசம் அழியவில்லை. வெறும் குளிசைப் பிரிவில் மோசமான நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர், மற்றப் பிரிவில் 21 பேர். மச்சாளின் இங்கிலாந்திலேயே 253 பேரை வைத்துக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. இரண்டு வருடத்தில் அன்றாட வாழ்க்கை நடத்துவதில் முன்னேற்றம் எதுவும் இல்லை. நோய் கூடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் குறைத்த பிரிவில் நூற்றுக்கு 25 பேர், குறைக்காத பிரிவில் 13 பேர்.

இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். ஆனால் மூன்றிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மூன்று கிழமை போட்டுவிட்டுத் தானாக நிறுத்திய ஒருவர்கூட இவற்றில் இல்லை. நெதர்லாந்தில் அறிகுறி அடங்கி ஆறு மாதம் ஆன பிறகு, டொக்டர் பக்கத்தில் இருந்து பார்க்கப் பார்க்கத்தான் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தும் முதல் இரண்டு வருடங்களில் நோய் திரும்பியது அந்தப் பிரிவில் இரண்டு மடங்கு. தம்பியின் நிலைக்கு இந்த ஆய்வுகளில் எதையும் ‘போடாதே’ என்று வாசிக்க முடியாது. நான் செய்வது இதுதான்: குரல் நின்று, நித்திரை சரியாகி, ஆள் தெளிந்த பிறகு ஒன்றரை இரண்டு வருடம் மருந்து. அதன் பிறகு குடும்பத்தோடு கதைத்து, பரீட்சை, கலியாணம், வெளிநாட்டுப் பயணம் எதுவும் இல்லாத காலமாகப் பார்த்து, துளித்துளியாகக் குறைத்துப் பார்ப்பது. சிலருக்கு முழுதாக நிறுத்த முடிகிறது. சிலருக்குச் சின்ன அளவு தொடர வேண்டியிருக்கிறது.

நித்திரை கூட என்று தம்பி சொன்னது நியாயமான முறைப்பாடு. அதை டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், இரவுக்கு மாற்றலாம், வேறு குளிசை தரலாம். றிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவை அரச ஆஸ்பத்திரியில் இலவசம். ஒலன்சபினுக்குப் பசி கூடும், உடம்பு வைக்கும், சீனி ஏறும். நிறுவையும் இரத்தமும் பார்க்கிறார்களா என்று நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் சில இடங்களில் பார்ப்பார்கள்.

மீன் எண்ணெய்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010இல் வெளியான வியன்னா ஆய்வொன்றில், நோய் இன்னும் வராத, வரக்கூடும் என்று சந்தேகப்பட்ட 81 இளம் ஆட்களில் பாதிப் பேருக்கு 12 கிழமை கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர், கொடுக்காதவர்களில் 28 பேர். உலகமே துள்ளியது. பிறகு 304 பேரை வைத்துப் பல நாடுகளில் திரும்பச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. தம்பிக்கு நோய் வந்தேவிட்டது, ஆகவே இரண்டு ஆய்வும் அவனைப் பற்றியவை அல்ல. மச்சாள் அனுப்பியதை அம்மா வேண்டுமானால் குடிக்கட்டும்.

புது மருந்து உண்மைதான். 2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். இதுவரை வந்த மருந்துகள் எல்லாம் டோபமின் என்ற இரசாயனத்தின் வழியைத்தான் மறித்தன. இது வேறு வழியால் போகிறது, அந்த அளவில் எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் அனுமதிக்குக் காரணமான சோதனைகள் ஐந்து கிழமைச் சோதனைகள், வெறும் குளிசையோடு ஒப்பிட்டுச் செய்தவை. பழைய மருந்துகளைவிட இது திறம் என்று அவை சொல்லவில்லை. பழைய மருந்துக்கு மசியாத நோய்க்கு எங்களிடம் இருக்கும் நல்ல ஆயுதம் இன்னமும் குளோசபின்தான். 1988இல் அதை நிரூபித்தார்கள், இரத்தம் பரிசோதித்துப் பரிசோதித்து இங்கேயும் கொடுக்கிறோம். தம்பிக்கு அதுவே தேவைப்படாமல் போகலாம். மூன்று கிழமைக் குளிசைக்கே தெளிவு வந்த பிள்ளை அவன்.

ஸ்கான் எடுத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரம் நோயாளரின் படத்தையும் ஆயிரம் சுகதேகிகளின் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும், ஒருவருடைய படத்தை மட்டும் கையில் கொடுத்தால் எந்த டொக்டருக்கும் சொல்லத் தெரியாது. வேறு நோய் இருக்கிறதோ என்று பார்க்கத்தான் ஸ்கான். அது தேவை என்றால் டொக்டரே எழுதித் தருவார். கொழும்பு வானுக்குக் காசு கட்ட வேண்டாம்.

உங்கள் கலியாணம். பரம்பரை என்று ஊர் சொல்லும், ஓரளவு உண்மையும்தான். ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான், சில ஆய்வுகளில் அதைவிடக் குறைவு. தாய்மாமனுக்கு இருந்தால் மருமக்களுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று நான்கு அளவில்தான். 2022இல் எழுபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் மரபணுவைப் பார்த்தவர்கள் தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள், ஒவ்வொன்றும் செய்வது தூசி அளவு. இதை வைத்து யாருடைய பிள்ளைக்கு வரும் என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை எங்கேயும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், வைத்தியம் எடுத்துத் தெளிவாக இருக்கும் தம்பி மண்டபத்தில் நிற்பது, அறைக்குள் பூட்டி வைத்த தம்பியைவிட மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்கப்படுத்த லேசு.

சரி, வரமாட்டேன் என்கிறவனை எப்படிக் கூட்டிப் போவது? ‘உனக்கு விசர், வா’ என்றால் யாரும் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணா அப்படிச் செய்யவில்லை என்று வாதாடவும் வேண்டாம், ஓம் செய்கிறார் என்று ஒத்துப்போகவும் வேண்டாம். ‘உனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, களைத்துப் போனாய், அதுக்கு ஒருக்கா காட்டுவம்’ என்று அவனுக்கே தெரிந்த கஷ்டத்தைப் பிடியுங்கள். வீட்டில் அவன் நம்புகிற ஒருவர் சொல்லட்டும். நீங்கள்தான் அது என்று உங்கள் கடிதத்திலிருந்து நினைக்கிறேன். தேத்தண்ணியில் குளிசையைக் கரைத்துக் கொடுக்கும் யோசனை யாராவது சொல்லியிருப்பார்கள், செய்யாதீர்கள். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று பயந்து பாணில் இருக்கும் பிள்ளை அவன். ஒருநாள் கோப்பையின் அடியில் வெள்ளைத் தூள் கிடந்ததைக் கண்டானென்றால் அவன் பயம் உண்மையாகிவிடும், அதன்பிறகு எந்தக் கையிலிருந்தும் குளிசை வாங்க மாட்டான். கடையில் சுற்றி வருகிற சாப்பாட்டை, மூடியோடு இருக்கிற யோகட்டை இப்போதைக்கு வாங்கிக் கொடுங்கள், அவனே பிரித்துச் சாப்பிடட்டும்.

எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் போங்கள். என்றைக்குத் தொடங்கியது, என்ன சொல்கிறான், எந்தக் குளிசை எத்தனை நாள் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு, பழைய குளிசை அட்டையையும் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் இருக்கிறார்களா என்று அங்கே கேளுங்கள். இதற்கிடையில் வயல் மருந்துப் போத்தல்கள் எல்லாம் வீட்டிலிருந்து போகவேண்டும், தோட்டக் கொட்டிலுக்கு அல்ல, வேறொருவர் வீட்டுப் பூட்டுக்குள். ‘சாகச் சொல்லிச் சொல்கிறார்கள்’ என்றோ பக்கத்து வீட்டுக்காரரை வெட்டச் சொல்கிறார்கள் என்றோ அவன் சொன்னால் அந்த நேரமே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கதைத்துக் கேட்பதற்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஏசுகிறவராக இருந்தால் அவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். எந்நேரமும் குறைசொல்லும் வீட்டுக்குத் திரும்பிப் போன நோயாளருக்கு நோய் அதிகமாகத் திரும்புகிறது என்று 1970களிலேயே லண்டனில் கண்டார்கள். இதன் மறுபக்கம் சென்னையில் தெரிந்தது. முதல்தடவை சைக்கோசிஸ் வந்தவர்களைச் சென்னையிலும் கனடாவின் மொன்றியலிலும் ஒரே மாதிரியான வைத்தியத்தில் வைத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். சென்னையில் குடும்பத்தவர் கூடவே வந்து இருந்தார்கள். சோர்ந்து ஒதுங்கிக் கிடக்கும் நிலையிலிருந்து எழும்பியதில் சென்னைப் பிள்ளைகள்தான் முந்தினார்கள். நம்மிடமும் கூடவருகிற குடும்பங்கள் உண்டு. கிளினிக் வாங்கில் நோயாளர் ஒருவர் என்றால் அவரைச் சுற்றி மூன்று பேர் இருப்பார்கள், சாப்பாட்டுப் பார்சலோடு.

வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தால் வைகாசியில் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கட்டிவைக்கிற, அடிக்கிற, குளிசையை நிறுத்தச் சொல்கிற இடங்களுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது தெரியாமல்தான் பல வீடுகளில் இரண்டாம் தடவையும் குளிசையை நிறுத்துகிறார்கள். தொடங்கிய முதல் சில நாட்களில், இளம் ஆண்களுக்கு முக்கியமாக, கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், நாக்குத் தடிக்கும், கண் மேலே சொருகும். பார்க்கிறவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரியே இருக்கும், சாத்திரியாரும் அப்படித்தான் சொல்வார். இது மருந்தின் பக்கவிளைவு. உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்ன குளிசை எடுக்கிறான் என்று அட்டையைக் காட்டுங்கள், ஒரு ஊசியோடு பெரும்பாலும் அரைமணித்தியாலத்தில் விட்டுவிடும். அடுத்த வேளைக் குளிசையைப் போடுவதா மாற்றுவதா என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள்.